கம்பமும் குழாயும் யார் கையில்? பிராட்பேண்ட் போட்டி பற்றி வாசகர் கேள்விகள்

பிராட்பேண்ட் சந்தையில் ஏன் போட்டி வளரவில்லை என்று கேட்டு வந்த கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. ஒரே சங்கதியைப் பலர் பலவிதமாகக் கேட்டிருப்பதால், அவற்றைச் சுருக்கி ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைக்கும்படி வரிசைப்படுத்திக்கொண்டேன்.

கேள்வி: சோப்பு விற்க இருபது நிறுவனங்கள் முட்டி மோதுகின்றன. இணைய இணைப்பு விற்க மட்டும் எங்கள் தெருவுக்கு இரண்டாவது நிறுவனம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையே, ஏன்?

பதில்: சோப்பு ஓர் ஊரில் விலைபோகாவிட்டால் சரக்கை வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பிவிடலாம். தொழிலையே மூடினாலும் இயந்திரங்களை விற்று, போட்ட முதலில் ஒரு பகுதியைத் தேற்றிக்கொள்ளலாம். தெருவில் பள்ளம் தோண்டிக் கேபிள் புதைத்தவருக்கு அந்த வழி கிடையாது. வாடிக்கையாளர் வரவில்லை என்பதற்காகப் புதைத்ததைப் பிடுங்கிக்கொண்டு போய் வேறு தெருவில் புதைக்க முடியாது. செலவில் பெரும்பகுதி கேபிளின் விலையல்ல, தோண்டுவதற்கும் மூடுவதற்கும் அனுமதி வாங்குவதற்கும் ஆனது. பொருளியலார் இதை மூழ்கிய செலவு என்பார்கள். மண்ணுக்குள் போன பணம் என்பதால் பெயர் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

இதோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. நூறு வீடுகள் உள்ள தெருவில் பத்து வீட்டார் இணைப்பு வாங்கினாலும் தொண்ணூறு வீட்டார் வாங்கினாலும், தெரு நெடுகக் கேபிள் கொண்டுபோகும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் வந்தவர் அந்தச் செலவை அறுபது எழுபது வீடுகளின் மீது பரப்பி, சில ஆண்டுகளில் திரும்ப எடுத்தும் விடுகிறார். அடுத்து வருபவர் அதே செலவைச் செய்துவிட்டு, ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கும் வாடிக்கையாளரை ஒவ்வொருவராகப் பிரித்தெடுக்க வேண்டும். அவர் வரப்போகிறார் என்ற செய்தி காதில் விழுந்ததும் முதலில் வந்தவர் அந்தப் பகுதியில் மட்டும் கட்டணத்தைக் குறைத்துவிட்டால் போதும், புதியவரின் கணக்குப் புத்தகம் அங்கேயே மூடப்பட்டுவிடும். உண்மையில் குறைக்கக்கூட வேண்டியதில்லை. குறைக்கக்கூடும் என்று புதியவரின் வங்கிக்குத் தெரிந்திருந்தாலே கடன் கிடைக்காது.

இதை 'இயற்கையான ஏகபோகம்' என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவது வழக்கம். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். செலவில் எவ்வளவு இயற்கையால் வந்தது, எவ்வளவு மனிதர்கள் போட்ட முட்டுக்கட்டையால் வந்தது என்று பிரித்துப் பார்த்தால், இரண்டாவது பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கிறது. அடுத்த கேள்வி அதைத் தொடுகிறது.

கேள்வி: தோண்டுவதுதான் செலவு என்றால், தெருவில் வரிசையாகக் கம்பங்கள் நிற்கின்றனவே, அவற்றில் கேபிளைக் கட்டிக்கொண்டு போக என்ன தடை?

பதில்: கம்பம் நிற்கிறது, ஆனால் அது யாருடைய கம்பம் என்பதில்தான் சிக்கல். மின்வாரியத்துடையதாகவோ பழைய தொலைபேசி நிறுவனத்துடையதாகவோ இருக்கலாம். தொலைபேசி நிறுவனத்துடையது என்றால், உங்கள் வாடிக்கையாளரைப் பறிக்க வருபவருக்கு உங்கள் ஏணியையே இரவல் கொடுங்கள் என்று கேட்பதாகிவிடுகிறது.

அமெரிக்கக் கம்பம் ஒன்றை அருகில் நின்று பார்ப்போம், ஏனென்றால் இந்தச் சண்டை அங்கேதான் மிக விரிவாக நடந்திருக்கிறது. உச்சியில் மின்கம்பிகள். அவற்றுக்குக் கீழே, கேபிள் ஆட்கள் மின்சாரம் தாக்காமல் வேலை செய்வதற்காக 40 அங்குலம் வெற்றிடம். அதற்கும் கீழே தகவல்தொடர்புக் கம்பிகள்: கேபிள் டிவி நிறுவனத்துடையது, வேறு ஏதேனும் ஃபைபர் நிறுவனத்துடையது, பெரும்பாலும் அடியில் தொலைபேசிக் கம்பி. புதியவர் தன் கேபிளை மாட்ட வேண்டுமானால் இருப்பவை கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர வேண்டும். வேலை என்னவோ ஒரு ஏணி, ஒரு ஸ்பேனர், அரை நாள் பொழுதுதான். ஆனால் பழைய முறைப்படி ஒவ்வொரு கம்பியையும் அதன் உரிமையாளரின் ஆட்கள்தான் தொட வேண்டும். முதல் நிறுவனத்தின் ஆட்கள் வந்து நகர்த்திவிட்டுப் போன பிறகே இரண்டாவது நிறுவனத்துக்குத் தகவல் போகும். அவர்கள் வந்துபோன பிறகே மூன்றாவது நிறுவனத்துக்கு. ஒரு கம்பத்துக்கே மாதக்கணக்கில் ஆகும்போது, ஒரு நகரத்துக்கு ஆயிரக்கணக்கான கம்பங்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். யாரும் 'முடியாது' என்று எழுதிக் கொடுக்கவில்லை. ஆட்கள் வரவில்லை, அவ்வளவுதான். நீதிமன்றத்துக்கு எடுத்துப்போக முடியாத மறுப்பு இது.

கூகுள் ஃபைபர் 2011இல் கான்சாஸ் சிட்டியைத் தேர்ந்தெடுத்து அமெரிக்காவில் இறங்கியபோது, பணபலம் உள்ள ஒருவர் வந்துவிட்டார், இனிப் பழைய நிறுவனங்கள் விழித்துக்கொள்ளும் என்று பலரும் எழுதினார்கள். ஓரளவு விழித்துக்கொள்ளவும் செய்தன. ஆனால் நாஷ்வில் நகரில் அந்த நிறுவனம் கம்பங்களில் மாட்டிக்கொண்டது. 2016இல் அந்த நகர மன்றம் ஒரு விதி கொண்டுவந்தது: ஒப்புதல் பெற்ற ஒரே குழு ஒரே தடவை ஏறி, எல்லோருடைய கம்பிகளையும் நகர்த்திவிடலாம். அங்கே ஏற்கெனவே கம்பி வைத்திருந்த ஏடி அண்ட் டியும் காம்காஸ்ட்டும் வழக்குப் போட்டன. நகரத்துக்கு அப்படி விதிக்கும் அதிகாரம் இல்லை என்று 2017 நவம்பரில் மத்திய நீதிமன்றம் அதைத் தள்ளியது. மறு ஆண்டே, 2018 ஆகஸ்டில், மத்திய தகவல்தொடர்பு ஆணையம் ஏறத்தாழ அதே ஏற்பாட்டை எளிய வேலைகளுக்குத் தன் விதியாகவே கொண்டுவந்தது. யோசனை சரியானதாகவே இருந்திருக்கிறது. ஆனால் அது விதியாவதற்குள் இரண்டு ஆண்டுகள் போய்விட்டன, கூகுள் ஃபைபரும் 2016 அக்டோபரிலேயே புதிய நகரங்களுக்கான திட்டங்களை நிறுத்தி வைத்துவிட்டது.

கம்பம் வேண்டாம், ஆழமாகத் தோண்டவும் வேண்டாம் என்று குறுக்குவழி தேடியவர்களும் உண்டு. அதே நிறுவனம் லூயிவில் நகரில் சாலையின் தாரில் இரண்டு அங்குல ஆழத்துக்குக் கீறல் போட்டு, அதில் ஃபைபரை வைத்து மேலே பசை பூசி மூடியது. வண்டிகள் ஓட ஓடப் பசை பெயர்ந்து, கேபிள் தெருவில் தலைகாட்டத் தொடங்கியது. 2019இல் நிறுவனம் அந்த நகரத்தை விட்டே வெளியேறியதோடு, சாலைகளைச் சீர்செய்ய நகரத்துக்குப் பணமும் கட்டியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வேறு கோணத்தில் அணுகியது. தொலைபேசி நிறுவனம் மட்டுமல்ல, மின்சாரம், எரிவாயு, கழிவுநீர், ரயில் என்று எவரிடம் குழாயோ கம்பமோ இருந்தாலும், நியாயமான வேண்டுகோள் வந்தால் இடம் கொடுக்க வேண்டும். மறுத்தால் இரண்டு மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். தகராறு என்றால் நான்கு மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும் என்று ஒரு நெறிமுறை இயற்றியது. குடிநீர்க் குழாய்க்கு மட்டும் விலக்கு. கேபிள் போட இடம் கேட்பவருக்கு அனுமதி தருவது பற்றி இந்தியா 2016இல் கொண்டுவந்த வழியுரிமை விதிகளில், 60 நாளுக்குள் அதிகாரி முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று சேர்த்தது. இத்தகைய விதிகளில் என் கண் முதலில் தேடுவது காலக்கெடுவைத்தான். இடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிட்டு எத்தனை நாளுக்குள் என்று எழுதாத விதி, கம்பத்தின் சொந்தக்காரருக்கு ஒரு தொந்தரவும் தராது.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கட்டியவரே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். வேறு நிறுவனத்தாரைக் காவலாளி உள்ளே விடுவதில்லை. இது சரியா? நான் சங்கத்தின் செயலாளர்.

பதில்: தெருவரைக்கும் நான்கு நிறுவனங்கள் வந்து நின்றாலும், கட்டடத்தின் வாசலில் அது ஒன்றாகச் சுருங்கிவிடும் என்பதற்கு உங்கள் கடிதமே சான்று. ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய கதவு இருக்கும். திறந்தால் மேலிருந்து கீழ்வரை கேபிள்கள் ஓடும் செங்குத்துப் பாதை. அந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் குடியிருப்பில் போட்டி இருக்கிறதா இல்லையா என்பது தீர்மானமாகிறது.

சரியா என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தையும் ஒப்பந்தத்தின் வாசகத்தையும் பொறுத்தது. பிற இடங்களில் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் ஒப்பந்தத்தை எங்கே புரட்ட வேண்டும் என்று அதிலிருந்து தெரியும். அமெரிக்காவில் குடியிருப்புகளுக்குள் ஒரே நிறுவனத்துக்குத் தொலைத்தொடர்பு நுழைவுரிமை தரும் ஒப்பந்தங்கள் 2008இல் தடைசெய்யப்பட்டன. தடை வந்ததும் ஒப்பந்தம் வேறு சட்டை போட்டுக்கொண்டது. யாரையும் தடுக்கவில்லை, ஆனால் இந்த நிறுவனத்துக்கு எத்தனை வீடுகள் சேர்கின்றனவோ அத்தனைக்குக் கட்டட உரிமையாளருக்கு வருமானத்தில் படிப்படியாக உயரும் பங்கு. அல்லது நிறுவனம் தான் போட்ட கேபிளைக் கட்டட உரிமையாளருக்கு விற்றுவிட்டு, தானே அதைத் தனியுரிமைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும். கேபிள் எங்களுடையதல்ல, ஆனால் வேறு யாரும் தொட முடியாது. 2022 பிப்ரவரியில் ஆணையம், ஒரே நிறுவனம் மட்டும் உரிமையாளருக்கு வருமானப் பங்கு கொடுக்கும் ஏற்பாட்டையும் படிப்படியாக உயரும் பங்கையும் தடைசெய்தது. விற்றுத் திரும்பக் குத்தகைக்கு எடுக்கும் தந்திரம் முந்தைய விதிகளுக்கே முரணானது என்று தெளிவுபடுத்தியது. ஒரே நிறுவனத்துக்கு விளம்பர உரிமை கொடுத்திருந்தால் அதைக் குடியிருப்போருக்கு எளிய மொழியில் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது.

பிரான்ஸ் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் எடுத்த வழி எனக்கு இன்னும் பிடிக்கும். கட்டடத்துக்குள் ஃபைபர் போடும் உரிமையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் போட்ட ஃபைபரை மற்ற நிறுவனங்களும் நியாயமான கட்டணத்தில் பயன்படுத்தவிட வேண்டும். படிக்கட்டுச் சுவரை நான்கு பேர் நான்கு தடவை துளைக்க வேண்டியதில்லை. ஒருவர் துளைத்ததால் மற்றவர்களுக்குக் கதவு மூடப்படுவதும் இல்லை.

செயலாளர் என்ற முறையில் நீங்கள் செய்யக்கூடியது: ஒப்பந்தத்தை வாங்கி, நுழைவுரிமை, கேபிளின் உடைமை, விளம்பர உரிமை ஆகிய மூன்றும் தனித்தனியாக எங்கே வருகின்றன என்று பாருங்கள். பல நேரம் கட்டியவர் கொடுத்தது விளம்பர உரிமை மட்டுமாக இருக்கும். அதைக் காவலாளிவரைக்கும் 'வேறு யாரையும் விடாதே' என்று மொழிபெயர்த்தது யார் என்பது வேறு கதை. ஒப்பந்தம் முடியும் தேதியையும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பிரிவு இருந்தால் எத்தனை நாளுக்கு முன் எழுத வேண்டும் என்பதையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

கேள்வி: நான் சிறிய இணையச் சேவை நடத்துகிறேன். பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பதுதான் தொழில். அந்தப் பெரிய நிறுவனமே என் வாடிக்கையாளருக்கு விற்கும் விலை, எனக்குக் கொடுக்கும் மொத்த விலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நான் எப்படிப் பிழைப்பது?

பதில்: உங்களைப் போல எழுதியவர்கள் பலர். போட்டிச் சட்டத்தில் இதற்கு விலை இடுக்கி என்று சொல்லத் தகுந்த ஒரு பெயர் உண்டு: மொத்த விலை ஒரு தாடை, சில்லறை விலை மறு தாடை, நடுவில் மாட்டிக்கொள்பவர் நீங்கள். இரண்டு தாடைகளும் ஒரே கையில் இருப்பதுதான் இதன் விசேஷம்.

ஐரோப்பாவில் இது தண்டிக்கத்தக்க குற்றம். ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாம், தன் செப்புக் கம்பியைப் போட்டியாளருக்கு வாடகைக்குக் கொடுத்த விலை, 1998 முதல் 2001 வரை, அதே கம்பிக்குத் தன் சொந்த வாடிக்கையாளரிடம் வாங்கியதைவிடவே அதிகமாக இருந்தது. மொத்த வியாபாரி சில்லறை வியாபாரியிடம் கடை விலையைவிடக் கூடுதலாகக் கேட்பது போன்றது இது. ஐரோப்பிய ஆணையம் 2003இல் 12.6 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புக்கொண்ட விலைதானே என்று நிறுவனம் வாதாடியதை ஏற்காமல், 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் அபராதத்தை உறுதி செய்தது. ஸ்பெயினில் இதே குற்றத்துக்காக டெலிஃபோனிகாவுக்கு 2007இல் விழுந்த அபராதம் 151 மில்லியன் யூரோவுக்கு மேல்.

அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் சட்டம் தலைகீழாகிவிடுகிறது. உங்களைப் போன்ற சிறிய இணைய நிறுவனங்கள் கலிஃபோர்னியாவில் தொடுத்த லிங்க்லைன் வழக்கில், மொத்தமாக விற்க வேண்டும் என்ற கடமையே போட்டிச் சட்டத்தின்கீழ் இல்லாதபோது, விற்ற விலை இடுக்கியாக இருந்தது என்று புகார் சொல்ல முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. தர்க்கம் பிசகற்றதுதான், ஆனால் அந்தத் தர்க்கத்தின்கீழ் உங்கள் தொழில் அடுத்தவரின் கருணையில் நடக்கிறது.

விலை ஒரு பக்கம். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில், பழுது என்று புகார் கொடுத்தால் அவர்களின் நேரடி வாடிக்கையாளருக்கு மறுநாளும் உங்கள் வாடிக்கையாளருக்கு ஒரு வாரம் கழித்தும் ஆள் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். விலையைவிட இதுதான் ஆளைக் கொல்லும். வாடிக்கையாளர் திட்டப்போவது உங்களை. கடைசியில் மாறப்போவது அந்தப் பெரிய நிறுவனத்துக்கு.

இதற்கு மருந்து, கம்பி வைத்திருப்பவரையும் கடை வைத்திருப்பவரையும் பிரிப்பது. பிரிட்டனில் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமிடம் 2005இல் பழைய தொலைபேசி நிறுவனமான பிடி உறுதிமொழி கொடுத்து, கம்பிகளைக் கவனிக்கும் பிரிவை 2006 ஜனவரியில் ஓப்பன்ரீச் என்ற பெயரில் தனியாக்கியது. பிடியின் சொந்தச் சில்லறைப் பிரிவும் வெளி நிறுவனங்களும் ஒரே பொருளை, ஒரே விலையில், ஒரே கணினி வழியில், ஒரே காலக்கெடுவில் வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த 'ஒரே கணினி வழி' என்பதை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள்: உள்வீட்டு ஆட்கள் திரையில் ஒரு பொத்தானைத் தட்ட, வெளி ஆட்கள் படிவம் நிரப்பி அனுப்பும் இடத்தில்தான் அந்த ஒரு வாரம் பிறக்கிறது. அதுவும் போதாமல் 2017இல் ஓப்பன்ரீச்சைச் சட்டப்படி தனிக் கம்பெனியாக்க ஒப்பந்தமானது. நியூசிலாந்து 2011இல் ஒரே வெட்டாக வெட்டியது: டெலிகாம் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது; கம்பிகள் கோரஸ் என்ற நிறுவனத்துக்குப் போயின, அது வீட்டு வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கவே கூடாது.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பழுதுக்கும் புகார் கொடுத்த நேரம், ஆள் வந்த நேரம், பழுது நீங்கிய நேரம் ஆகிய மூன்றையும் ஆறு மாதம் எழுதிவையுங்கள். பாரபட்சம் என்று வெறுமனே சொன்னால் ஒழுங்குமுறை அமைப்பின் கோப்பில் அது மனக்குறையாகவே கிடக்கும். நேரங்களோடு கொடுத்தால் பெரிய நிறுவனம் தன் நேரங்களைக் காட்டியாக வேண்டும்.

கேள்வி: போட்டியாளருக்குக் கம்பியை வாடகைக்குக் கொடுக்கச் சொன்னால் யார் புதிதாக முதலீடு செய்வார்கள்? அமெரிக்கா இதைச் செய்து பார்த்துக் கைவிட்டுவிட்டதே! (பொருளியல் மாணவர்)

பதில்: கைவிட்டது உண்மை. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், பழைய நிறுவனங்கள் தங்கள் வலைப்பின்னலின் பகுதிகளைப் போட்டியாளருக்குத் தனித்தனியாக வாடகைக்குத் தர வேண்டும் என்றது. 2003இல் அமெரிக்காவின் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் வீடுகளுக்குப் போகும் புதிய ஃபைபருக்குப் பெரும்பாலும் விலக்கு அளித்தது. 2005 ஜூனில் பிராண்ட் எக்ஸ் வழக்கில், கேபிள் வழி இணையம் தகவல் சேவைதான், தொலைத்தொடர்புச் சேவையல்ல என்ற ஆணையத்தின் விளக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சில வாரங்களிலேயே தொலைபேசிக் கம்பி வழி இணையமும் அதே பெட்டிக்குள் போடப்பட்டது. அந்தக் கடமை தொலைத்தொடர்புச் சேவைக்குத்தான் என்பதால், ஒரு பெயர்மாற்றத்தில் வாடகைக்குத் தரும் கடமை கழன்றுவிட்டது. கேபிளும் தொலைபேசியும் ஒன்றோடொன்று மோதும், அதுவே போதும் என்பது கணக்கு. தொலைபேசி நிறுவனம் ஃபைபர் போடாத இடங்களில் செப்புக் கம்பி பின்தங்கி, கேபிள் நிறுவனம் மட்டுமே மிஞ்சியது.

அதே காலத்தில் ஜப்பான் நேரெதிராக நடந்தது. பழைய தொலைபேசி நிறுவனமான என்டிடியின் கம்பிகளை வாடகைக்கு எடுக்க வழி திறந்ததும், சாஃப்ட்பேங்க் 2001இல் யாஹூ பிபி என்ற சேவையைத் தொடங்கி, ரயில் நிலைய வாசல்களில் ஆட்களை நிறுத்தி, போகிறவர் வருகிறவர் கையில் மோடத்தைத் திணித்தது. கட்டணங்கள் சரிந்தன. உங்கள் கேள்விப்படி என்டிடி முதலீட்டை நிறுத்தியிருக்க வேண்டும். அதுவோ செப்புக் கம்பியில் இழந்ததை மீட்க வீடுகளுக்கு ஃபைபர் போடுவதில் முனைந்தது, ஜப்பான் அதில் உலகின் முன்வரிசைக்கு வந்தது. இது ஒன்றை மட்டும் வைத்து உங்கள் கேள்வியை ஒதுக்கிவிட மாட்டேன். பொதுப் பணத்தாலும் பழைய ஏகபோகத்தாலும் விளைந்த செப்புக் கம்பியைப் பகிரச் சொல்வதும், ஒருவர் தன் பணத்தைப் பணயம் வைத்து நேற்றுப் போட்ட ஃபைபரைப் பகிரச் சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதில் வாடகையை அடிமட்டத்தில் நிர்ணயித்தால் நீங்கள் அஞ்சுவது நடக்கும். ஆகவேதான் நான் கம்பியைவிடக் குழாயையும் கம்பத்தையும் பகிர்வதில் அதிக நம்பிக்கை வைக்கிறேன்: புதியவர் தன் சொந்த ஃபைபரை உள்ளே செலுத்தலாம், வேகத்தையும் தரத்தையும் அவரே தீர்மானிக்கலாம், பழையவரின் முதலீட்டுக்குக் குழாய் வாடகையாக வருமானமும் வரும்.

கேள்வி: தனியார் வராத இடத்தில் உள்ளாட்சியே இணையம் தரலாம் அல்லவா?

பதில்: தரலாம், இரண்டு விதமாக. ஸ்டாக்ஹோம் நகரம் 1994இல் ஸ்டோகாப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஒளி ஏற்றாத வெறும் ஃபைபரை யார் வேண்டுமானாலும் குத்தகைக்கு எடுக்கும்படி வைத்தது. வீட்டுக்கு இணையம் விற்கும் வேலையில் அது இறங்கவில்லை. சாலை போட்டுவிட்டுப் பேருந்து ஓட்டாமல் இருப்பது போன்ற இந்த வழியில் போட்டி கெடுவதில்லை. அமெரிக்காவின் சாட்டனூகா நகரம் வேறு வழியில் போனது: அதன் மின்சார நிறுவனமே மின்பகிர்மானத்தை நவீனப்படுத்தப் போட்ட ஃபைபரில் 2010இல் ஊர் முழுக்க நொடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பை நேரடியாக விற்கத் தொடங்கியது.

பக்கத்து ஊர்களும் கேட்டன. மின்சாரம் தரும் எல்லைக்கு வெளியே இணையம் தரக் கூடாது என்று டென்னசி மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. வட கரோலினாவிலும் வில்சன் நகரின் சேவை வெற்றிபெற்ற பிறகு, 2011இல் இப்படிப்பட்ட கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மத்திய ஆணையம் 2015இல் இரண்டு சட்டங்களையும் செல்லாதவை என்றது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று திருப்பிவிட்டது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்கு ஃபைபர், அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்கு இல்லை.

உள்ளாட்சி கையில் எடுத்தாலே வெற்றி என்று யாரும் எண்ண வேண்டாம். யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரம் கடன் வாங்கிப் போட்ட வலைப்பின்னலை நடத்த முடியாமல், 2013இல் கூகுளுக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. கடன் நகரத்தின் தலையிலேயே நின்றது.

கேள்வி: செயற்கைக்கோளும் 5ஜியும் வந்த பிறகு கம்பியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா?

பதில்: வேண்டும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த பழைய செயற்கைக்கோள்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்றவை தாமதத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன. கம்பி போகாத ஊர்களுக்கு அது பெரிய வரவு. ஆனால் அலைவரிசை, ஒரே பரப்பில் உள்ள எல்லோரும் பங்குபோட்டுக்கொள்வது. நெருக்கமான நகரத்தில் எல்லா வீடுகளும் ஒரே மாலையில் படம் பார்க்க உட்கார்ந்தால் பங்கு சிறுத்துவிடும். 5ஜி கோபுரமோ தரைக்கு வந்ததும் ஃபைபரைத்தான் தேடுகிறது, அந்த ஃபைபர் பெரும்பாலும் நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே நிறுவனத்துடையது.

கேள்வி: வேறு நிறுவனம் இருந்தும் மாற முடியவில்லை. ஒப்பந்தம், மோடம், அலைச்சல்!

பதில்: இதுவும் போட்டிக்கு இடப்பட்ட வேலிதான், ஆனால் அகற்ற எளிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தொகுப்பு, முதல் ஒப்பந்தம் 24 மாதத்தைத் தாண்டக் கூடாது என்றும், மாற்றும் வேலையைப் புதிய நிறுவனமே முன்னின்று செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. பிரிட்டனில் 2024 செப்டம்பர் முதல் பழைய நிறுவனத்தோடு பேசவே தேவையில்லை. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல், சொந்த ரவுட்டரை மாட்டிக்கொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. நான் பட்ட பாடு வேறு: இணைப்போடு இலவசமாகக் கிடைத்த மின்னஞ்சல் முகவரியை வங்கி, காப்பீடு, வரி என்று எல்லா இடத்திலும் கொடுத்துவிட்டு, அதற்காகவே மூன்று ஆண்டுகள் ஒரு மந்தமான இணைப்புக்குக் கட்டணம் கட்டினேன். நிறுவனம் கொடுக்கும் முகவரியைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் நான்கு நிறுவனங்கள் சேவை தருவதாக அரசு வரைபடம் காட்டுகிறது. பிறகு எங்கே போட்டிக் குறைவு?

பதில்: வரைபடம் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் பல ஆண்டுகள், ஒரு கணக்கெடுப்புத் தொகுதியில் ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை தர முடிந்தாலும் அந்தத் தொகுதி முழுவதற்கும் சேவை இருப்பதாகவே கணக்கு வைத்தார்கள். கிராமப்புறத் தொகுதி மிகப் பரந்தது. ஒரு மூலையில் உள்ள வீட்டால் மறு மூலையில் உள்ளவருக்கும் இணையம் வந்துவிட்டது, தாளில். 2020இல் சட்டம் மாறி, ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியே காட்டும் வரைபடம் 2022 நவம்பரில்தான் வெளிவந்தது. தவறு இருந்தால் குடியிருப்பவரே முறையிடலாம்.

உங்கள் நான்கையும் நீங்களே சோதிக்கலாம். ஒவ்வொரு நிறுவனத்திடமும் உங்கள் வீட்டு எண்ணைக் கொடுத்து, எத்தனை நாளில் இணைப்புத் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தருபவர்களிடம், வீட்டுக்கு வரும் கம்பி உங்களுடையதா, வாடகைக்கு எடுத்ததா, யாரிடமிருந்து என்றும் கேளுங்கள். மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.